ஜூலையில் வரும் ஆறு எண்

இன்று காலை பதினொன்றே கால் மணிக்கு என் கைப்பேசியில் ஆறு எண்கள் வந்தன. கடவுச்சொல்லை மாற்றுவதற்கான எண், பதினைந்து நிமிடத்துக்குள் பயன்படுத்த வேண்டும், யாரிடமும் சொல்லக் கூடாது என்று வழக்கமான எச்சரிக்கையும் கூடவே இருந்தது. அனுப்பியது வருமான வரி இணையதளம். நான் எதையும் மாற்றவில்லை. என்னுடைய கணக்கை ஜூன் மாதமே தாக்கல் செய்து முடித்துவிட்டேன். இருபத்தைந்து வருடமாக எல்லாருடைய சம்பளப் பட்டியலையும் போடும் பில் கிளார்க்காக இருப்பவள் அதைக்கூட நேரத்தில் செய்யாவிட்டால் எப்படி? அந்த எண்கள் எனக்கு உரியவை இல்லை. மொரப்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கணினிக் கடையில், பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில், மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு உரியவை. ஆறேழு வருடமாக இப்படித்தான். எண் வந்த இரண்டொரு நிமிடத்தில் அழைப்பு வரும். "நம்பர் வந்துச்சா?" என்பார். ஆறையும் சொல்வேன். "சரி" என்பார். வைத்துவிடுவார். வருடத்துக்கு ஒரு தடவை, அரை நிமிடம். கையிலிருந்த கோப்பை மூடிவைத்துவிட்டு, கைப்பேசியைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டேன்.

அவரை நாங்கள் டைப்பிஸ்ட் அக்கா என்று கூப்பிடுவோம். தருமபுரியில் எங்கள் அலுவலகத்தில் தட்டச்சுப் பொறி இருந்த காலத்தில் வேலைக்கு வந்தவர், கணினி வந்தபிறகும் அந்தப் பெயர் போகவில்லை. என்னைவிட எட்டு வயது மூத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மொரப்பூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இருக்கும், மாலை ஐந்தே முக்காலுக்கு நாற்காலி காலியாக இருக்கும். விசேஷம் என்றால் மொய்க் கவரைக் கொடுத்தனுப்புவாரே தவிர நேரில் வரமாட்டார். தன் வீட்டுக்கு யாரையும் வாங்க என்று சொன்னதில்லை. ஞாபகசக்தி மட்டும் அபாரம். பத்து வருடம் முன்னால் போன கடிதத்தின் நடப்பு எண்ணைக் கேட்டால், திரை மேலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்வார். தலைமை எழுத்தர்கூடப் பதிவேட்டைத் தேடுவதற்கு முன்னால் அவரைத்தான் கேட்பார்.

அரசு ஊழியர்களுக்குப் பிப்ரவரி என்றால் என்ன என்பது அந்தச் சம்பளத்தை வாங்கியவர்களுக்குத்தான் தெரியும். வருடம் முழுக்க விட்டுப்போன வரியை அந்த ஒரு மாதச் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். அதனால் ஜனவரி பிறந்ததும் என் மேஜையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிடும். காப்பீட்டு ரசீது, பிள்ளைகளின் பள்ளிக் கட்டண ரசீது, வீட்டுக் கடன் சான்று என்று ஆளுக்கொரு கத்தை. சொந்தத் தகப்பன் வீட்டில் குடியிருந்துகொண்டு, ஒரு ரூபாய் வருவாய் முத்திரை ஒட்டிய வாடகை ரசீதை நீட்டுகிறவர்களும் உண்டு. நான் முகத்தைப் பார்ப்பேன், அவர்கள் சுவரைப் பார்ப்பார்கள். அக்கா மட்டும் கூட்டம் கலைந்த பிறகு வருவார். சேமநல நிதி, ஒரே ஒரு காப்பீடு, அவ்வளவுதான் காட்டுவார். மாதாமாதமும் அதிகமாகப் பிடிப்போம், பிப்ரவரியில் மேற்கொண்டும் பிடிப்போம், வாயைத் திறக்கமாட்டார். 'கவர்மென்டுக்கே மொய் வெக்கறவங்க நம்ம அக்காதான்' என்று ஆபீஸே கிண்டல் செய்யும். அந்தக் கிண்டலை ஆரம்பித்து வைத்தவள் நான்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

ரீஃபண்ட் என்றதும் அரசாங்கம் ஏதோ மனமிரங்கிக் கொடுப்பதுபோலப் பலர் நினைக்கிறார்கள். போன வருடம் இவ்வளவு வந்ததே, இந்த வருடம் ஏன் குறைந்தது என்று என்னிடம் சண்டைக்கே வருவார்கள். அது நம்முடைய பணம்தான் அம்மா, அதிகமாகக் கொடுத்தது திரும்பி வருகிறது என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஒரு வீட்டில் வருடா வருடம் அது ஏறுவதற்கும் இறங்குவதற்கும் காரணம் அந்த வீட்டுக்குள்ளேதான் இருக்கும். பெண்ணின் படிப்புக்கடன் முடிந்திருக்கும், நிலுவைச் சம்பளம் மொத்தமாக வந்திருக்கும், யாராவது ஆஸ்பத்திரியில் படுத்திருப்பார்கள். முக்கியமான காரணம் இன்னொன்று. அலுவலகத்தில் முன்கூட்டியே சொன்ன வரிக் கழிவுக்குப் பிடித்தமே இருக்காது, ஆகவே திரும்பி வரவும் ஒன்றும் இருக்காது. அலுவலகத்தில் சொல்லாமல் ஜூலையில் தாக்கல் செய்யும்போது மட்டும் சொன்னால், அதுதான் ரீஃபண்டாக வரும். இதை இருபது வருடமாக எல்லாருக்கும் விளக்கியவள், அக்கா விஷயத்தில் மட்டும் யோசித்துப் பார்க்கவே இல்லை.

ஒரு ஜூலையில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். அவருக்கு வழக்கமாகத் தாக்கல் செய்து கொடுக்கிறவர் கடையை மூடிவிட்டு ஓசூர் போய்விட்டாராம். நீ பண்ணித் தருவியா என்று கேட்டார். அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி அது. பழைய பட்டன் போன்தான் வைத்திருந்தார், அதிலும் பாதி நாள் பேட்டரி செத்துக் கிடக்கும், மின்னஞ்சல் கிடையாது. அதனால் என்ன, என் நம்பரையே போட்டுக்கொள்ளலாம், என் மின்னஞ்சலையே கொடுக்கலாம் என்று கணக்கைத் திறந்தேன். எல்லாவற்றையும் நிரப்பி முடித்தபிறகு, கழிவுகள் பக்கத்தில் அவர் என் கையைத் தொட்டு நிறுத்தினார். பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு சான்றிதழை எடுத்து மேஜையில் குப்புற வைத்தார். நான் திருப்பிப் பார்த்தேன். கடுமையான மனவளர்ச்சிக் குறைபாடு என்றிருந்தது. பராமரிப்பவருடன் உறவு: தம்பி. மூலையில் ஒட்டியிருந்த புகைப்படத்தில், நாற்பதை நெருங்கும் ஓர் ஆள் குழந்தைபோல வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தான். கழுத்துப் பக்கம் அக்காவின் விரல்கள் தெரிந்தன, தலையை நிமிர்த்திப் பிடித்திருக்கிறார்.

மாற்றுத்திறனாளியைப் பராமரிப்பவருக்கு உண்டான அந்தக் கழிவைப் போட்டதும் திரும்பி வரவேண்டிய தொகை திரையில் குபுக்கென்று ஏறியது. ஏன் இதை ஆபீஸிலேயே கொடுக்கவில்லை, வருடம் முழுக்கப் பிடித்தம் போகிறதே என்றுதான் கேட்டேன். பில் கிளார்க்குக்கு வேறு என்ன கேட்கத் தெரியும். அக்கா சான்றிதழை எடுத்து உறைக்குள் போட்டுக்கொண்டே மெல்லச் சொன்னார். "ஆபீஸ்ல குடுத்தா அந்தத் தாளு அஞ்சு மேஜை மேல போவும். அஞ்சு பேரும் ஐயோ பாவம்னு ஒரு வார்த்த சொல்லுவாங்க. அத நான் வூட்டுக்குள்ள விடறதில்ல." பிறகு, "நீயும் சொல்லாத" என்றார். சொல்லமாட்டேன் என்று சத்தியம்போலச் சொன்னேன்.

அதற்குப் பிறகு வந்த ஆறு மாதம் என் வேலைக் காலத்திலேயே நல்ல மாதங்கள். என் கணவர் தவறி இரண்டு வருடம் ஆகியிருந்தது, மகள் படிப்புக்குப் பெங்களூர் போய்விட்டாள். மதியம் நானும் அக்காவும் பதிவறையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். தம்பியைப் பற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வார். அவன் ரயில் பைத்தியமாம். பெங்களூர்ப் பக்கம் போகிற வண்டி வந்தால் ஒரு மாதிரி கை தட்டுவான், சேலம் பக்கம் போனால் வேறு மாதிரி. எப்படித்தான் கண்டுபிடிக்கிறானோ, தப்பியதே இல்லையாம். புதிய ஆள் ஒருவர் வந்தால் போதும், இரண்டு நாள் சாப்பிடமாட்டான். பகலில் பார்த்துக்கொள்ள வேலைக்கு வரும் அம்மாவைப் பழக்குவதற்கே ஒரு வருடம் ஆயிற்றாம். சின்ன வயதில் வந்த இரண்டு மூன்று வரன்களும் தம்பியைப் பார்த்துவிட்டு எழுந்து போனதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "அவங்க போனதுல நட்டமில்ல. போறப்ப எங்கம்மாவப் பாத்த பார்வை இருக்குதே, அதான்." இத்தனையையும் கேட்டேன். கேட்டும் எனக்குப் புத்தி வரவில்லை.

ஜனவரி வந்தது. அந்த வருட மழையில் அக்கா வீட்டுக் கூரை ஒழுகியிருந்தது, தம்பிக்கு வலிப்பு அதிகமாகிச் சேலத்தில் காட்ட வேண்டியிருந்தது. பிப்ரவரிச் சம்பளம் முழுசாக வந்தால் எவ்வளவு உதவி என்று எனக்குத் தோன்றியது. கேட்டால் வேண்டாம் என்பார், கேட்காமல் செய்துவிட்டால் சந்தோஷப்படுவார் என்று எண்ணிக்கொண்டேன். அவருடைய கணக்கீட்டுத் தாளில் அந்தக் கழிவை நானே சேர்த்து, ஜூலையில் எடுத்துவைத்திருந்த சான்றிதழ் நகலையும் பின்னால் கோத்தேன். ஒரு கத்தைத் தாளோடு கையெழுத்துக்கு நீட்டினேன். என்னை நம்பி, வாசிக்காமல் போட்டார். எழுதப்பட்ட எதையும் வாசிக்காமல் விடாதவர் அவர். இப்போது யோசித்தால், அன்பினால் செய்தேன் என்பது பாதிதான் உண்மை. எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளும் ஆசை மீதிப் பாதி. தாள் ஐந்து மேஜைக்குப் போனது. மூன்றாவது மேஜையில் கண்காணிப்பாளர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அறை முழுக்கக் கேட்கும்படி கேட்டார், ஏம்மா, உங்க தம்பிக்கு இப்படியா, எங்களுக்கெல்லாம் சொல்லவே இல்லையே, ஐயோ பாவம் என்று. தட்டச்சுச் சத்தம் நின்றது. அக்கா அவரைப் பார்க்கவில்லை, நேராக என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் சுமக்கிறேன்.

எங்கள் ஆபீஸில் கெட்டவர்கள் யாரும் இல்லை. அதுதான் வினை. அந்த வாரமே ஆளுக்கு இவ்வளவு என்று வசூல் செய்து, ஒரு சக்கர நாற்காலியும் பழக்கூடையும் வாங்கினார்கள். தம்பி நன்றாக நடப்பான் என்று எனக்குத் தெரியும். சொல்லத் தைரியம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு வேன் பிடித்து, திடீரென்று போய் நிற்க வேண்டும் என்று ஒன்பது பேர் கிளம்பினார்கள். நான் போகாமல் இருந்திருக்கலாம். தடுத்திருக்கலாம். குறைந்தபட்சம் ஒரு போன் செய்திருக்கலாம். வேனில் கடைசி இருக்கையில் பழக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு போனேன், வாழ்நாளில் அன்றைக்குத்தான் வாயை மூடியிருந்தேன். அக்கா கதவைத் திறந்தார். ஒரு நொடி அப்படியே நின்றுவிட்டு, "வாங்க" என்றார். எல்லாருக்கும் காப்பி வந்தது. உள்ளறையில் தம்பி கத்த ஆரம்பித்தான். சுவரில் தலை மோதும் சத்தம் கேட்டது. கண்காணிப்பாளர் கையில் டம்ளரோடு, தைரியமா இருங்கம்மா என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா, "காப்பி ஆறிடுமுங்க, குடிங்க" என்றார். அவர் குரலில் ஒரு பிசிறு இல்லை. திரும்பி வரும்போது வேனில் இரண்டு பேர் அழுதார்கள். நல்ல காரியம் செய்தோம் என்று எல்லாருக்கும் நிறைவு.

அக்கா என்னிடம் சண்டை போடவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். கூப்பிட்டால் திரும்புவார், கேட்டதைத் தட்டித் தருவார், அதோடு சரி. மதியச் சாப்பாட்டைத் தன் மேஜையிலேயே முடித்துக்கொண்டார். மே மாதம் அரூரில் ஓர் அலுவலகத்துக்கு மாறுதல் வாங்கிக்கொண்டு போனார். பிரிவு விழாவுக்கும் வரவில்லை. அந்த ஜூலையில்தான் என் கைப்பேசிக்கு முதன்முதலாக அந்த ஆறு எண்கள் வந்தன, பின்னாலேயே அழைப்பும் வந்தது. பெயரைப் பார்த்ததும் இருக்கையிலிருந்து எழுந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஆறு மாதமாக மனதுக்குள் எழுதி வைத்திருந்தேன். "நம்பர் வந்துச்சா?" என்றார். சொன்னேன். "சரி" என்று வைத்துவிட்டார். எழுதி வைத்தது அப்படியே தங்கிவிட்டது.

என் மின்னஞ்சலும் அவர் கணக்கில் அப்படியே இருந்தது. ஓரிரு மாதத்தில் வரித் துறையிலிருந்து அவருடைய கணக்கு முடிவு, ரீஃபண்ட் எவ்வளவு என்பதோடு, எனக்கு வரும். அந்தக் கோப்பைத் திறக்கும் சொல் அவருடைய பான் எண்ணும் பிறந்த தேதியும்தான், இரண்டும் எனக்குத் தெரியும். திறக்கக் கூடாது என்பதும் தெரியும். ஒவ்வொரு வருடமும் திறந்தேன். அவரைப் பற்றி எனக்குக் கிடைக்கிற ஒரே சேதி அதுதான். முதல் வருடம் திரும்பி வரவேண்டியது ஒன்றுமில்லை என்றிருந்தது. நான்தான் முன்கூட்டியே சொல்லித் தொலைத்துவிட்டேனே, எங்கிருந்து வரும்? அடுத்த வருடம் தொகை பழையபடி ஏறியிருந்தது. அப்படியானால் அரூரில் யாரிடமும் சொல்லவில்லை, தம்பி பத்திரமாக இருக்கிறான். அன்றைக்கு நான் தனியாக ஒரு பாயசம் வைத்துச் சாப்பிட்டேன் என்றால் சிரிப்பீர்கள். ஒரு வருடம் இன்னும் கூடியது, ஏதோ பெரிய வைத்தியம் நடந்திருக்கிறது. இன்னொரு வருடம் கொஞ்சம் குறைந்தது, நிலுவைச் சம்பளம் வந்திருக்கும். மகள் வேலைக்குப் போய் அங்கேயே வீடும் பார்த்துவிட்டாள், ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். மற்ற ஆறு நாளும் என் வீட்டில் மிக்ஸி சத்தம்தான் பெரிய சத்தம். அந்த வீட்டில் உட்கார்ந்து இன்னொரு வீட்டின் ரீஃபண்டைப் படித்துக்கொண்டிருந்தேன்.

அழைப்பின்போது பின்னால் தம்பியின் குரல் கேட்கும். தாக்கலுக்கு அவனையும் கடைக்குக் கூட்டிவருவார்போல, ம்ம்ம் என்று இழுத்துக்கொண்டே இருப்பான். ரயில் போனால் கைதட்டல். போன ஜூலையிலும் அதற்கு முந்தைய ஜூலையிலும் அது கேட்கவில்லை. கடைக்காரர் இடம் மாறியிருப்பார் என்று எண்ணிக்கொண்டேன். ரீஃபண்ட்தான் வழக்கம்போல வந்ததே. பிறகு எனக்கு என்ன சந்தேகம்?

இன்று எண் வந்து பதினோரு நிமிடம் கழித்துத்தான் அழைப்பு வந்தது. "நம்பர் வந்துச்சா?" சொன்னேன். 'சரி' வரவில்லை. இணைப்பும் துண்டிக்கப்படவில்லை. விசைப்பலகைச் சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து அக்கா, "இந்த வருசம் ஒண்ணும் திரும்பி வராதாம்" என்றார். ஆறு வருடத்தில் அவர் என்னிடம் சொன்ன முதல் கூடுதல் வாக்கியம். அதைக் கேட்டு நான் சும்மா இருந்திருக்க வேண்டும். என் வாய் இருக்கிறதே. "அந்தக் கழிவு விட்டுப் போயிருக்கும்ங்க அக்கா, போடச் சொல்லுங்க" என்று படபடத்தேன்.

"விட்டுப் போவல. தம்பி இல்ல."

அவரே தொடர்ந்தார், கடிதம் வாசிப்பதுபோல. "ரெண்டு வருசமாச்சு. ஏப்ரல் எட்டாந்தேதி. அந்த எட்டு நாளுக்கு வருசம் முச்சூடும் கழிவு குடுத்தாங்க. போன தடவ வந்தது அந்தப் பணம்தான்."

வரிக்கு வருடம் ஏப்ரல் முதல் தேதி பிறக்கிறது. அந்த வருடத்தில் எட்டு நாள் உயிரோடு இருந்தாலும் முழு வருடக் கழிவு உண்டு; விதி எனக்கு மனப்பாடம். ஆனால் போன வருடம் அந்தத் தொகையைப் பார்த்துத் தம்பி நன்றாக இருக்கிறான் என்று நிம்மதியாகத் தூங்கியவள் நான். அப்போது அவன் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. இரண்டு ஜூலை அக்கா கூப்பிட்டிருக்கிறார், இரண்டு தடவையும் நான் எண்ணைச் சொல்லியிருக்கிறேன். ஏன் அக்கா சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீங்கெல்லாம் வண்டி வெச்சுட்டு வந்திருப்பீங்க" என்றார். அதில் கோபம் இல்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை.

அப்போது கடைக்காரரின் குரல் கேட்டது. கணக்கில் உங்கள் சொந்த நம்பரையே மாற்றிவிடலாமே அம்மா, வருடா வருடம் இந்தத் தொல்லை எதற்கு என்று கேட்டார். அக்கா அதை எனக்குத் திருப்பிச் சொன்னார். மாற்ற இரண்டு நிமிடம் ஆகாது, எப்போதோ மாற்றியிருக்கலாம். பத்து வருடத்து நடப்பு எண்ணைச் சொல்கிறவர், தன் கடவுச்சொல்லை வருடம் தவறாமல் மறக்கிறாரே என்று அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. வாய் முந்திக்கொண்டது.

"இப்ப மாத்தக் கூடாதுங்க அக்கா. நடுவுல நம்பர் மாத்துனா ரீஃபண்ட் நின்னுரும்."

"ரீஃபண்டே இல்லையே."

"இல்லாட்டியும் மாத்தக் கூடாதுங்க."

அப்படி ஒரு விதி உலகத்தில் கிடையாது. முப்பது வருடமாக வருமான வரிச் சுற்றறிக்கை ஒவ்வொன்றையும் தட்டியவர் அவர். அந்தப் பக்கம் ஒரு ரயில் வந்து, நீளமாகப் போய் முடிந்தது. யாரும் கை தட்டவில்லை. பிறகு அக்கா பேசினார், என்னிடம் இல்லை, கடைக்காரரிடம். "மாத்த வேண்டாமுங்க. மாத்தக் கூடாதுன்னு ஆபீஸ்ல சொல்றாங்க."

வைத்துவிட்டார். கோப்பை மறுபடி திறந்தேன், ஒரு வரியும் ஓடவில்லை. கைப்பேசியில் அந்த ஆறு எண்களும் அப்படியே இருக்கின்றன. அவற்றின் பதினைந்து நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது. நான் அழிக்கவில்லை. அடுத்தது வர இன்னும் ஒரு வருடம் இருக்கிறது.